நாடா எங்கே போகிறது?

ஓடும் பஸ்ஸில், மூக்குக்கண்ணாடி இல்லாமல், கொட்டுகிற மழையில், தெருவுக்கு அந்தப் பக்கச் சுவரில் ஒட்டியிருந்த நாடகப் போஸ்டரைப் பார்த்து, முகமே இல்லாமல் வெறும் மணிக்கட்டும் விரல்களுமாகத் தொங்கிய கை யாருடையது என்று ஒன்றரை நொடியில் சொன்ன ஆள் பூமியில் ஒருத்தன்தான் உண்டு. அது நான். பஸ் அப்போது நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. சரி, எண்பது. சிக்னலில் நின்றுகொண்டிருந்தது என்று என் மனைவி சொல்வாள். அவள் எதைத்தான் நம்பினாள்?

"அது உன் கை" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளிடம் சொன்னேன்.

அவள் போஸ்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "லிஃப்டுக்குள்ள சிங்கம் ஏறிச்சுன்னு சொன்ன ஆளுதானே நீங்க?"

"குட்டிச் சிங்கம். சர்க்கஸ்காரன் கூடையில..."

"பூனைன்னு அந்த பில்டிங் வாட்ச்மேனே சொன்னான். பேசாம வாங்க."

இது போன சனிக்கிழமை நடந்தது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அதே போஸ்டர் எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது. பக்கத்தில் அதை வரைந்த ஆள், என் மனைவியின் தம்பி, ஆறிப்போன டீயை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

என் மச்சினனுக்கு நாடகப் போஸ்டர்களும் லோகோக்களும் வரைவது தொழில். இருபத்தாறு வருடங்களாக வேறு எதுவும் செய்ததில்லை, செய்யவும் தெரியாது. பல்பு மாற்றத் தெரியாது. ஆனால் ஒரு முழு நாடகத்தையும் தீப்பெட்டி அளவுச் சின்னத்துக்குள் அடைத்துவிடுவான். இந்த நாடகத்தின் பெயர் 'விழித்திருப்பவள்'. ஒரு வாசலை ஓயாமல் காவல் காக்கிற பெண்ணின் கதை. பத்தொன்பது படம் வரைந்தான். பத்தொன்பதையும் திருப்பி அனுப்பினார்கள். இருபதாவது இது: கறுப்புப் பின்னணி, மேலிருந்து தொங்குகிற ஒரு பெண்ணின் கை, மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு பட்டை, நடுவிரலில் சுற்றிய ஒரு நாடா. நாடா தொய்ந்து வளைந்து போஸ்டரின் வலது ஓரத்தில் மறைந்துவிடும். அவ்வளவுதான். ஊரே நின்று பார்த்தது.

நின்று பார்த்தவர்களில் ஒரு டிசைன் ஸ்டுடியோக்காரரும் உண்டு. 'நான் போன வருஷம் வரைந்த படத்தைத் திருடிவிட்டான்' என்று நாடக அரங்கத்துக்குப் புகார் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்ட தன் படத்தையும் அனுப்பிவிட்டார். இரண்டும் ஒன்றுதான். அவருடையதில் பட்டைக்கு மட்டும் தங்க நிறம். இன்று நாலு மணிக்கு விசாரணை. திருட்டு என்று முடிவானால், ஊரிலுள்ள பதினோரு நாடகக் குழுக்களுக்கும் இவன் பேரைப் போட்டுக் கடிதம் போகும். அப்புறம் இவன் பென்சிலைப் பல் குத்தத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

"நீ வரைஞ்சதுதானேடா? சொல்லேன்!" என்றாள் என் மனைவி.

"நான்தான்க்கா வரைஞ்சேன்."

"எங்க வரைஞ்ச? எதைப் பார்த்து வரைஞ்ச?"

அவன் டீயையே பார்த்தான். "அவரோடதுன்னே இருக்கட்டும்க்கா. விடு."

"ஏன் விடணும்? அம்மா என்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனாங்க? தம்பியைப் பார்த்துக்கோன்னாங்க. கண்ணை இமைக்காம அவங்க கையைப் புடிச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்துட்டேதான் போனாங்க. நாலு மாசத்துல உன்னைத் தெருவுல விட்டேன்னா நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு..."

போஸ்டரைத் திருப்பிக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் துப்பறிவாளரை அறிமுகப்படுத்த வேண்டும். அவள் என் மருமகள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விண்ணப்பங்களைப் பிடிப்பது உத்தியோகம். கால் ஒடிந்ததென்று படுத்திருந்த ஒருவரை மூன்றே கேள்வியில் எழுந்து ஓடவைத்தவள். நான் அவளுக்கு உதவி ஆள். முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஊரில் உயிரோடு மேலே போன ஒவ்வொருவரும் என் தயவில் போனவர்கள். மகன் கப்பல் வேலையில் இருப்பதால், அவளிடம் பொய் சொல்லத் துணிகிற ஒரே ஆண்பிள்ளையும் நான்தான்.

அவள் கவிழ்ந்த போஸ்டரை நிமிர்த்தினாள். "சின்ன மாமா, இதோட சோதனைப் பிரதியை எங்க அடிச்சீங்க?"

"வழக்கமான பிரஸ்லதான். நாலு தாள் மை கலைஞ்சு வீணாச்சு. அங்கயே போட்டுட்டு வந்துட்டேன்."

"ஸ்டுடியோக்காரரும் அந்த பிரஸ்ஸா?"

"ஊர்ல எல்லாரும் அங்கதான்."

"அப்ப படம் எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சாச்சு" என்று பையை மாட்டிக்கொண்டாள். "யாரோடதுன்னு நிரூபிக்கறதுதான் பாக்கி. மாமா, கிளம்புங்க. வாயை மட்டும் வீட்டுல வெச்சுட்டு வாங்க."

"வாய் இல்லாம நான் எதுக்கும்மா?"

"லிஃப்ட் நின்னுபோச்சுன்னா வேணும்."

ஸ்டுடியோ ஏழாவது மாடியில். கண்ணாடி மேஜை, கண்ணாடிக் கதவு, கண்ணாடிக் கோப்பை. அந்த மனிதர் கழுத்தில் கட்டியிருந்த டையின் நீளத்துக்கு அதிலேயே ஆறு நாடகம் அச்சடிக்கலாம்.

"பாவம் உங்க உறவுக்காரர்" என்றார். "கற்பனை வத்திப்போனா இப்படித்தான். எனக்குக் கோபம் இல்ல. வருத்தம்தான்."

"எனக்குப் படம்னா ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் மருமகள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "இந்தக் கையில இருக்கறது என்ன?"

"காப்பு. பழங்காலத் தங்கக் காப்பு. அவர் அதைக்கூட வெள்ளையா விட்டுட்டார். நிறம் போடத் தெரிஞ்சாத்தானே?"

"ஓரத்துல வால் மாதிரி சின்னதா நீட்டிக்கிட்டிருக்கே?"

"அது... கொக்கி."

"தங்கக் கொக்கி தூக்கிக்கிட்டு நிக்குமா? தொங்காதா?"

"கலைக்குப் புவியீர்ப்பு கிடையாதும்மா."

"லிஃப்டுக்கு உண்டு" என்றேன். மருமகள் என் காலை மிதித்தாள்.

"மாடல் யாராவது உட்கார்ந்தாங்களா?"

"பின்ன? ரெண்டு மணி நேரம் ஒரு பொண்ணு கையைத் தொங்கவிட்டு அசையாம உட்கார்ந்தா. அதான் இவ்வளவு உயிரா வந்திருக்கு."

"கடைசியா ஒண்ணு. இந்த நாடா எங்க போகுது?"

அவர் சிரித்தார். அதற்காகவே காத்திருந்தவர் போல. "எல்லாரும் கேக்கறாங்க. ஒரு பெரிய சாவிக்கு. காவல்காரி இல்லையா? அந்தச் சாவி படத்துக்கு வெளியில தொங்குது. ரசிகரோட கற்பனைக்கு விட்டுட்டேன்."

"சாவி தொங்கினா நாடா விறைப்பா இருக்கணுமே? இது தொய்ஞ்சு போய்க் கிடக்கே?"

சிரிப்பு நின்றது. "நாலு மணிக்குப் பார்க்கலாம்மா. எனக்கு வேலை இருக்கு."

லிஃப்டில் ஏறியதும் அவள் சொன்னாள்: "மாமா, கையைத் தொங்கவிடுங்க."

தொங்கவிட்டேன்.

"இன்னும் தளர்த்துங்க."

"இதுக்கு மேல தளர்த்தினா கழண்டு விழுந்துடும்."

"விரலைப் பாருங்க. ஒவ்வொண்ணும் உஷாரா இருக்கு. கட்டைவிரல் உள்ள இழுத்துக்கிட்டிருக்கு. முழிச்சிருக்கிற மனுஷரால இப்படி ஒரு கையைப் போட்டு வைக்க முடியாது. அதுவும் ரெண்டு மணி நேரம்." போஸ்டரை லிஃப்டின் சுவரில் விரித்துப் பிடித்தாள். "மாடலும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. இது தூங்கற கை. பட்டை தங்கமும் இல்ல. வெள்ளை, தட்டை, ஒட்டின நுனி தூக்கிக்கிட்டு நிக்குது. பேப்பர். கையில பேப்பர்ப் பட்டை எங்க ஒட்டுவாங்க?"

"ஆஸ்பத்திரியில. நோயாளியோட கூட இருக்கறவங்களுக்கு. என் மாமியார் இருந்த வார்டுல அன்னிக்கு எனக்கே ஒட்டி, ரோமத்தோட உரிச்சானே! நான்தான் முதல்லயே சொன்னேனே, அது உங்க அத்தை கைதான்னு! ஒன்றரை நொடியில! ஓடற பஸ்ஸுல..."

அங்கே நின்றேன். லிஃப்ட் போய்க்கொண்டுதான் இருந்தது.

நான் சொன்னது சரி என்று என் வாழ்க்கையில் முதல்முறையாக நிரூபணமானது அப்போதுதான். அதைவிட மோசமான நிமிஷம் எனக்கு வாய்த்ததில்லை. மாமியார் அந்த வார்டில் இருந்தது ஒரே ஒரு நாள். மதியம் மூன்றரைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கை அங்கே தூங்கியிருந்தால்...

கண்ணை இமைக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்று நாலு மாதமாக என் மனைவி சொல்லாத உறவு இல்லை, சொல்லாத தெரு இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள்.

கீழே கதவு திறந்தது. இரண்டு பேரும் இறங்கவில்லை. கதவு மறுபடி மூடிக்கொண்டது.

"சின்ன மாமா வாயைத் திறக்காததுக்குக் காரணம் இதுதான்" என்றாள் மருமகள் மெதுவாக. "நாடா போஸ்டர் ஓரத்துல வெட்டுப்படுது. வரைஞ்ச தாள்ல வெட்டுப்பட்டிருக்காது. இது ஒரு பெரிய படத்தோட துண்டு மாமா. மீதி அவர்கிட்ட இருக்கு. அதைக் காட்டினா ஒரே நிமிஷத்துல தப்பிச்சுடலாம்."

"காட்டினா?"

"அத்தை பார்ப்பாங்க."

"ஏம்மா, கொஞ்சம் தப்பாத் துப்பறிஞ்சுட்டா என்ன? மத்தவங்க எல்லாம் எவ்வளவு தப்பாக் கண்டுபுடிக்கறாங்க!"

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்றேகால்.

நாடக அரங்கத்தின் அலுவலகம் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குறுகலான அறை. பழைய நாடகங்களின் போஸ்டர்கள் சுவர் தெரியாமல் ஒட்டியிருந்தன. பாதி என் மச்சினனுடையவை. மேஜைக்கு அந்தப் பக்கம் மேலாளர் அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் மூடி கழற்றாத பேனா. இந்தப் பக்கம் ஸ்டுடியோக்காரரும் டையும். ஓரத்து நாற்காலியில் மச்சினன், தோளில் எப்போதும் மாட்டியிருக்கிற பெரிய தோல் பையோடு. அவனுக்குப் பக்கத்தில் என் மனைவி. வீட்டிலேயே இரு என்று சொல்லிப் பார்த்தேன். "என் தம்பியை ஒருத்தன் திருடன்னு சொல்லுவான், நான் வீட்டுல உட்கார்ந்து துணி மடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு எனக்கு முன்னால் வந்துவிட்டாள்.

மருமகள் எழுந்தாள். கொக்கியைச் சொன்னாள், சாவியைச் சொன்னாள். பேப்பர்ப் பட்டையையும் தூக்கத்தையும் சொல்லவில்லை. மச்சினன் பக்கம் மட்டும் திரும்பினாள்.

"சின்ன மாமா, இந்தப் படத்தோட மீதி உங்ககிட்ட இருக்கா?"

அவன் பையை இறுக்கிக்கொண்டான். "மீதின்னு எதுவும் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லம்மா. இவ்வளவுதான் படம்."

"நான் சொல்லல?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார். பதினோரு கடிதங்களும் தட்டச்சாகித் தயாராக மேஜையில் இருந்தன. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்தேன்.

"அம்மா, நிறுத்துங்க. அது என் கை."

அறையே திரும்பியது.

"என் கைதான்! வீட்டுல நான் தூங்கும்போது என் மச்சினன் வரைஞ்சான். நான் தூங்கினா இடி விழுந்தாலும் தெரியாது. ஒரு தடவை நாலாவது மாடியில லிஃப்ட் மேலயே ரெண்டு நாள்..."

மேலாளர் என் கையைப் பார்த்தார். கரடி பார்த்தால் உறவு கொண்டாடும், அவ்வளவு ரோமம். பிறகு போஸ்டரைப் பார்த்தார். "சார், உட்காருங்க."

"சவரம் பண்ணியிருந்தேன்!"

"ஏங்க" என்றாள் என் மனைவி. சத்தமே இல்லாமல். "உட்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் எழுந்து சுவரில் மாட்டியிருந்த போஸ்டருக்குப் போனாள். காலையில் கவிழ்த்துப் போட்டாளே, அதே படம். இப்போது மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று பார்த்தாள்.

"இந்த நாடா தலையணை உறையோடது" என்றாள். "நான்தான் கிழிச்சேன். ஒரு நுனி என் விரல்ல, இன்னொரு நுனி எங்கம்மா மணிக்கட்டுல. அவங்க அசைஞ்சா எனக்குத் தெரியணும்னு."

மச்சினன் எழுந்துவிட்டான். "அக்கா, வேண்டாம்."

"பஸ்ஸுல பார்த்தப்பவே எனக்குத் தெரியும். என் கை எனக்குத் தெரியாதா? மீதியை எடுடா."

"வேண்டாம்க்கா. தொழில் போனாப் போகட்டும்."

"எடு."

தோல் பையிலிருந்து மடித்த தாள் ஒன்று வெளியே வந்தது. மருமகள்தான் அதை விரித்தாள். மடிப்புக்கு இந்தப் பக்கம் ஊருக்கே தெரிந்த அந்தக் கை. மேலே நாற்காலியில் என் மனைவி, தலை தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து. போஸ்டரில் வெறும் வெள்ளையாக விட்டிருந்த பட்டையில் இங்கே வார்டு எண்ணும் முத்திரையும் அச்சாகத் தெரிந்தன. விரலிலிருந்து நாடா மடிப்பைத் தாண்டி, தொய்ந்து, கட்டில் விளிம்பில் ஏறி, மெலிந்த ஒரு மணிக்கட்டில் முடிந்தது. சாவியும் இல்லை, பூட்டும் இல்லை.

"இது பின்னால சேர்த்து வரைஞ்சது!" என்றார் ஸ்டுடியோக்காரர். குரல் டையைவிட நீளமாகப் போனது.

"ஒரே தாள்" என்றாள் மருமகள். "நிழலுக்குப் போட்ட கோடெல்லாம் மடிப்பைத் தாண்டி ஒரே இழுப்புல போகுது பாருங்க. உங்க தங்கக் காப்புல வார்டு எண் இருக்கா சார்?"

மேலாளர் பேனாவை மூடினார். ஜெயித்துவிட்டோம். துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். நான் குதிக்கவில்லை.

என் மனைவி தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு நேரம்டா?"

"இருபது நிமிஷம் இருக்கும்."

"ஏன் எழுப்பல?"

"வீட்டுலேர்ந்தே மூணு நாளாத் தூங்காம இருந்தே. அம்மாவும் தூங்கறாங்கன்னு நெனச்சேன். சும்மா இருந்தா என் கை எதையாவது வரைஞ்சுட்டே இருக்கும், உனக்குத் தெரியும்ல." தாளில் நாடாவைத் தொட்டுக் காட்டினான். "நாடா முதல்ல விறைப்பாத்தான் இருந்துச்சுக்கா. அம்மா மூச்சு விடறப்பல்லாம் லேசா இழுபடும். அப்புறம் தொய்ஞ்சுது. நான் பார்த்தேன். வளைவு அழகா இருக்கேன்னு பழைய கோட்டை அழிச்சுட்டுத் திருத்தி வரைஞ்சேன். ஏன் தொய்ஞ்சுதுன்னு யோசிக்கவே இல்ல. முழிச்சிருந்தவன் நான்தான்க்கா. நீ இல்ல."

அந்த நாடாவுக்கு அடியில் அழித்த பழைய கோடு இன்னமும் லேசாகத் தெரிந்தது. நேராக, விறைப்பாக.

ஸ்டுடியோக்காரருக்கு மட்டும் விட மனசில்லை. "சரி, இது எப்ப வரைஞ்சதுன்னு யார் சாட்சி? முந்தின வருஷமே என் படத்தைப் பார்த்துட்டு வரைஞ்சிருக்கலாமே? இவர் சொல்றதை யாரும் நம்பமுடியாது. இந்தம்மா அசராம முழிச்சிட்டிருந்தாங்கன்னு ஊரே சொல்லுது. நான் துக்கம் விசாரிக்கப் போனப்ப என்கிட்டயே சொன்னாங்க. முழிச்சிருந்த கையை இவர் எப்படித் தூங்கற கையா வரைஞ்சார்?"

மேலாளர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு என் மனைவியைப் பார்த்தார். "அம்மா, உங்களைக் கஷ்டப்படுத்தறேன். நான் ரெண்டு வரி எழுதணும். என்ன எழுதட்டும்?"

அவள் தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் மை படிந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எந்த உறவுக்காரர் முன்னாலும் தழையாத அவளுடைய குரல் தழைந்திருந்தது. ஆனால் எழுத்து எழுத்தாகக் கேட்டது.

"மூணு இருபதுக்கு எங்கம்மா போனாங்கன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்திருக்காங்க. அந்தத் தேதியைப் போட்டுக்கங்க. அப்போ அவங்க என் முகத்தைப் பார்க்கல, என்கிட்ட எதுவும் சொல்லல. நான் தூங்கிட்டிருந்தேன்."